கோட்டைக்குள் பூசை மணி: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஐரோப்பாவின் இடைக்காலக் கோட்டைகளைப் பற்றி எழுதியபோது, "உள்ளே இருந்த சிற்றாலயத்தைப் பற்றி வேறொரு சமயம் சொல்கிறேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அகழி, மதில், தூக்குப்பாலம் என்று நான் பக்கம் பக்கமாக எழுதியதை விட்டுவிட்டு, வாசகர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். நல்லதுதான். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள்.

திருச்சி: சண்டை, வேட்டை, விருந்து என்று திரிந்த பிரபுக்களுக்குச் சிற்றாலயம் எதற்கு? ஊருக்காக ஒப்புக்குக் கட்டி வைத்ததுதானே?

ஒப்புக்கு என்று சொல்லிவிட முடியாது. எல்லாம் பக்திதான் என்றும் சொல்லமாட்டேன். ஒரே ஒரு வீட்டின் ஒரே ஒரு நாளைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

செசிலி நெவில் என்று ஒரு யார்க் சீமாட்டி. நான்காம் எட்வர்டு, மூன்றாம் ரிச்சர்டு என இங்கிலாந்தின் இரண்டு மன்னர்களைப் பெற்றவர். முதுமையில் லண்டனுக்கு வடமேற்கே உள்ள பெர்க்கம்ஸ்டெட் கோட்டையில் இருந்தார். அவருடைய வீட்டின் அன்றாட ஒழுங்கை எழுதி வைத்த குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது.

காலை ஏழு மணிக்கு எழுகிறார். அப்போதே குரு தயாராக இருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து காலைச் செபம் சொல்கிறார்கள். உடுத்தி முடித்ததும் தன் அறையிலேயே ஒரு சிறு பூசை. அதற்குப் பிறகுதான் வாயில் ஏதாவது போடுகிறார். பிறகு சிற்றாலயத்துக்குப் போய் அன்றைய வழிபாடு, அதோடு மேலும் இரண்டு சிறு பூசைகள். மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் மூன்று பூசை ஆகிவிட்டது. சாப்பிடும்போது ஒருவர் புனித நூல் வாசிக்கிறார். சியன்னா கத்தரீன், சுவீடன் பிரிஜித்தா போன்றவர்களின் வரலாறும் காட்சிகளும். சாப்பிட்டானதும் ஒரு மணி நேரம், குறையோடும் மனுவோடும் வந்தவர்களைப் பார்க்கிறார். பிறகு கால் மணி நேரத் தூக்கம். கால் மணிதான், குறிப்பில் அப்படியே இருக்கிறது. எழுந்து மாலை வழிபாட்டின் முதல் மணி அடிக்கும்வரை செபம். அப்புறம் விருப்பம்போல் ஒயினோ ஏல் என்ற பார்லி மதுவோ. குருவோடு மாலைச் செபம், பிறகு சிற்றாலயத்தில் பாட்டோடு மாலை வழிபாடு. இரவுச் சாப்பாட்டில், பகலில் கேட்ட வாசகத்தைக் கூட இருப்பவர்களுக்குத் தானே திருப்பிச் சொல்கிறார். பிறகு தோழிப் பெண்களோடு சிரித்துப் பேச்சு. படுக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒரு கோப்பை ஒயின், தனியறையில் செபம். எட்டு மணிக்குப் படுக்கை.

இதைப் படித்துவிட்டுச் சிலர் செசிலியைக் கன்னியாஸ்திரீ போல வரைந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1460-இல் ஒரே போரில் கணவரையும் ஒரு மகனையும் பறிகொடுத்தவர் அவர். இன்னொரு மகனுக்கு மரண தண்டனை கிடைத்தது, மூத்த மகனான மன்னனின் ஆட்சியில். இளைய மகன் ரிச்சர்டு 1485-இல் பாஸ்வொர்த் களத்தில் வெட்டுண்டு விழுந்தான். பேரன்கள் இருவர் லண்டன் கோபுரம் என்ற அரசுக் கோட்டைக்குள் போனார்கள். திரும்பி வரவே இல்லை. இத்தனைக்கும் நடுவே ஒரு பெரிய வீட்டை, நிலபுலனை, ஆட்களைக் கட்டி ஆண்ட அம்மாள் அவர். அந்த நாளின் ஒழுங்கில் மனுக் கேட்கும் நேரம் எங்கே இருக்கிறது என்று மறுபடி பாருங்கள்: பூசைக்கும் செபத்துக்கும் நடுவே. யார் எப்போது வரலாம், எப்போது சாப்பாடு, எப்போது விளக்கணைப்பது என்பதையெல்லாம் சிற்றாலயத்து மணிதான் தீர்மானித்தது. என் கட்சி இதுதான்: கோட்டையில் சிற்றாலயம் ஒதுங்கிப் போய்க் கண்மூடும் இடமில்லை, வீட்டு நிர்வாகம் நடக்கும் அறைகளில் ஒன்று. இனி வரும் பதில்களிலும் இதைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்லப்போகிறேன். சலிப்பவர்கள் இங்கேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

சேலம்: கட்டடப் பொறியாளன் நான். கோட்டை வரைபடங்களில் சிற்றாலயம் பெரும்பாலும் மாடியில் இருக்கிறது. ஏன்?

எஜமானர் மாடியில் இருந்தார், அதனால்.

லண்டன் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருக்கும் வெள்ளைக் கோபுரம் வெற்றிவீரன் வில்லியம் 1070-களில் தொடங்கியது. அதன் புனித யோவான் சிற்றாலயம், அரசருக்குரிய பெரிய அறைகள் இருந்த மேல்தளத்திலேயே இருக்கிறது. வெளியே நின்று அண்ணாந்து பாருங்கள்: சதுரமாக எழும் கோபுரம், தென்கிழக்கு மூலையில் மட்டும் அரைவட்டமாக வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பலிபீடம் இருக்கும் பகுதி அதுதான். கிழக்கே பீடம் வேண்டும் என்பதற்காகக் காவற்கோபுரத்தின் உருவத்தையே மாற்றியிருக்கிறார்கள். உள்ளே பன்னிரண்டு பருத்த உருளைத் தூண்கள், அவற்றின் மேல் சுற்றிவரும் ஒரு நடைமாடம். அலங்காரம் மிகக் குறைவு. கல்லுக்காக நார்மண்டியின் கான் நகரத்துக் குவாரிகளிலிருந்து கடல் கடந்து கொண்டுவந்தார்கள். அந்தச் சுழல்படிகளில் ஏறி இறங்கி என் முழங்கால் போட்ட சண்டையை இங்கே எழுதவில்லை.

எல்லாக் கோட்டையும் அப்படி இல்லை. வேல்ஸ் எல்லையில் லட்லோ கோட்டையின் சிற்றாலயம் உள்முற்றத்தில் தனியாக நிற்கிறது, அதுவும் வட்ட வடிவில், 12-ஆம் நூற்றாண்டு. எருசலேமின் திருக்கல்லறைக் கோயிலை மனத்தில் வைத்து வட்டமாகக் கட்டும் வழக்கம் அப்போது பரவியிருந்தது. நார்தம்பர்லாந்தின் புருடோ கோட்டையில் சிற்றாலயம் வாசற்கோபுரத்தின் மேலேயே இருக்கிறது. வாயிலைக் கடந்து போகிற ஒவ்வொருவரும் பீடத்துக்குக் கீழே நடந்தார்கள்.

பொறியாளர் என்றதால் இன்னொன்று சொல்கிறேன். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஜெர்மனியின் நியூரம்பர்க் பேரரசுக் கோட்டையில் 1200 வாக்கில் கட்டிய இரட்டைச் சிற்றாலயம் இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. நடுவே தளத்தில் ஒரு சதுரத் திறப்பு. கீழே பணியாளர்கள், மேலே உயர்குடியினர், அதற்கும் மேலே மேற்குப் பக்க மாடத்தில் பேரரசர். மேலே சொல்லும் செபம் திறப்பின் வழியே கீழே கேட்கும். ஒரே பூசை, மூன்று மட்டம். சமூக அமைப்பைப் படம் போட்டு விளக்க வேண்டுமென்றால் இந்தக் கட்டடத்தின் குறுக்குவெட்டை வரைந்தால் போதும்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு வேல்ஸை அடக்கக் கட்டிய பியூமாரிஸ் கோட்டையில், 1295-இல் தொடங்கியது, சிற்றாலயத்தின் இரு பக்கமும் சுவருக்குள் சிறு அறைகள் இருக்கின்றன. அங்கிருந்து பீடத்தை நோக்கிச் சாய்வாக வெட்டிய துளைகள். மன்னரும் குடும்பத்தாரும் கூட்டத்தில் கலக்காமல் அங்கிருந்தே பூசை காணலாம். அக்கால மக்களுக்கு, குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் அந்தக் கணத்தைக் கண்ணால் பார்ப்பதே பெரும் பேறு. நற்கருணை, அதாவது அந்த அப்பத்தை, வாங்கி உண்பதே வருடத்துக்கு ஓரிரு முறைதான். ஆகவே பார்ப்பதற்கு ஒரு துளை இருந்தால் காரியம் முடிந்தது. துளையின் கோணத்தைத் தீர்மானித்ததே இறையியல்தான். பொறியாளர்கள் ரசிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நாகர்கோவில்: கோட்டையில் இருந்த குரு பூசை நேரம் போக மற்ற நேரம் என்ன செய்வார்?

பூசை நேரம் போக என்று கேட்டீர்களே, அந்த மற்ற நேரம்தான் அதிகம். கோட்டையில் எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்த ஆள் அவர். கடிதம் எழுதுவது, கணக்குப் பார்ப்பது, பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது, பந்தியில் மிஞ்சியதை வாசலில் ஏழைகளுக்குக் கொடுக்கச் செய்வது, எஜமானருக்காகத் தூது போவது என்று எல்லாம் அவர் தலையில்தான். இதற்கு நல்ல உதாரணம் ஒரு கோட்டைப் பிரபு வீட்டிலிருந்து கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழே, நார்ஃபோக் நிலக்கிழார்களான பேஸ்டன் குடும்பத்திலிருந்து கிடைக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் அந்தக் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் கட்டுக்கட்டாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

அவர்கள் வீட்டுக் குரு ஜேம்ஸ் குளோய்ஸ். 1448 மே மாதத்தில் நாரிச் நகரத்தில் ஒரு சண்டை. குளோய்ஸ் தலையில் தொப்பியோடு தெருவில் வருகிறார். பேஸ்டன் குடும்பத்துக்கு ஆகாத ஜான் விண்டம் என்பவர் தம் வாசலில் நிற்கிறார். தொப்பியைப் பற்றி ஒரு குத்தல், அதற்கு ஒரு பதில் குத்தல். நாலடி தள்ளிப் போவதற்குள் விண்டம் குறுவாளை உருவிவிட்டார். குருவும் சும்மா இல்லை, அவரும் உருவினார். பிறகு எஜமானியின் மாமியார் வீட்டுக்குள் ஓட்டம், பின்னாலேயே கற்கள். ஒரு ஃபார்த்திங் காசுக்கு விற்கும் ரொட்டி அளவு கல் ஒன்று கூடத்துக்குள் வந்து விழுந்தது என்று எஜமானி மார்கரெட் பேஸ்டன் கணவருக்கு எழுதுகிறார். பூசையில் அப்பம் உயர்த்தும் நேரத்தில் சத்தம் கேட்டு மாமியாரும் மருமகளும் கோயிலிலிருந்து வெளியே ஓடி வந்தார்களாம். இன்னொரு முறை இப்படி ஒரு தொல்லை வருவதென்றால் நாற்பது பவுன் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம் என்று சொல்லி, குளோய்ஸைக் கொஞ்ச காலம் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று லண்டனுக்கு அனுப்பி வைக்கிறார்.

கணவர் இறந்தபின் மார்கரெட்டுக்கு வலக்கையே குளோய்ஸ்தான். அவர் கடிதங்களில் பல இந்தக் குருவின் கையெழுத்தில் இருக்கின்றன. பெற்ற மகன்களுக்கு இது பொறுக்குமா? 1472-இல் இளைய ஜான் அண்ணனுக்கு எழுதுகிறான் (அண்ணன் தம்பி இருவருக்குமே ஜான் என்றுதான் பெயர்): அம்மா பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் இந்தக் குரு என்னைச் சீண்டுகிறார், நான் லேசாகச் சிரித்துக்கொண்டு, இந்தப் பழங்கதைகளைக் கேட்க நன்றாக இருக்கிறது என்கிறேன் என்று. அதே கடிதத்தில், அம்மா முன்னாலேயே இருவரும் ஒருவரையொருவர் திமிர் பிடித்தவன் என்று திட்டிக்கொண்டதும், அம்மா குருவின் பக்கம் பேசியதும் வருகிறது. குளோய்ஸ் 1473-இல் இறந்தார். அதன் பிறகு அண்ணன் ஜான் தாயிடம் கேட்டது என்ன தெரியுமா? அவருடைய புத்தகங்கள் எனக்கு வேண்டும் என்று! தாய் பதில் எழுதினார்: எல்லாவற்றிலும் நல்ல புத்தகத்துக்கு வேறொருவர் உரிமை கோருகிறார், முயன்று பார்க்கிறேன், மற்றவற்றின் விலை இருபது ஷில்லிங் ஆறு பென்ஸ்.

சென்னை: வீரப்பட்டம் பெறுவதற்கு முதல் நாள் இரவு, இளைஞன் வாளைப் பீடத்தின்முன் வைத்துத் தனிமையில் விழித்திருந்து செபிப்பதாகப் படங்களில் காட்டுகிறார்களே, உண்மையா?

விழித்திருப்பது உண்மை. தனிமையும் அமைதியும் எப்போதும் கிடைத்தன என்று நினைக்காதீர்கள். 1306-இல் முதலாம் எட்வர்டு தம் மகனுக்கும் ஏறக்குறைய முந்நூறு இளைஞர்களுக்கும் ஒரே சமயத்தில் வீரப்பட்டம் கொடுக்க ஏற்பாடு செய்தார். இளவரசனும் சிலரும் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக் கோயிலில் இரவு விழித்தார்கள். எக்காளமும் கூச்சலும் அப்படி இருந்ததாம். பாடகர் குழுவின் ஒரு பக்கத்தார் பாடுவது எதிர்ப் பக்கத்தாருக்குக் கேட்கவில்லை என்று அக்கால வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். மறுநாள் நெரிசலில் வீரர் இருவர் இறந்தே போனார்கள். கூட்டத்தை விலக்கப் போர்க்குதிரைகளைக் கோயிலுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. எந்தப் படத்தில் இதைக் காட்டினார்கள்?

புதுச்சேரி: பாரிஸில் செயின்ட் ஷாப்பெல் பார்த்தேன். கண்ணாடிச் சன்னல்களைத் தவிர வேறு எதுவும் மனத்தில் நிற்கவில்லை. அதற்குள் என்ன இருந்தது?

கடனுக்கு அடகு போன ஒரு முள்முடி இருந்தது.

கான்ஸ்டான்டிநோபிளை ஆண்ட லத்தீன் பேரரசர் இரண்டாம் பால்ட்வின் கையில் காசில்லை. இயேசுவின் தலையில் வைத்த முள்முடி என்று போற்றப்பட்ட திருப்பண்டம் வெனிஸ் வணிகரிடம் அடகில் கிடந்தது. பிரான்சின் ஒன்பதாம் லூயி 135,000 லீவர் கொடுத்து அதை மீட்டார். 1239 ஆகஸ்டில் அது வந்து சேர்ந்தபோது, மன்னர் அரசுடையைக் களைந்துவிட்டு, வெறுங்காலோடு, தம்பியுடன் சேர்ந்து அதைச் சுமந்து நடந்தார். அதை வைப்பதற்காகத் தம் அரண்மனைக்குள் கட்டியதுதான் நீங்கள் பார்த்த கோயில். 1248 ஏப்ரல் 26 அன்று அர்ச்சிப்பு. கட்டடச் செலவு 40,000 லீவர் என்கிறார்கள். அதாவது பண்டத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெட்டியைவிட உள்ளே இருந்ததற்குத்தான் மதிப்பு. நாம் இன்று பெட்டியைப் பார்க்க டிக்கெட் எடுக்கிறோம்.

அங்கும் இரண்டு தளம்தான். கீழே அரண்மனைப் பணியாளர்களுக்கு, மேலே மன்னருக்கு. மன்னர் தம் மாளிகையிலிருந்து படி இறங்காமலே மேல்தளத்துக்கு வந்துவிடலாம். இதில் அரசியல் இல்லையா என்றால், இருக்கிறது. கிழக்குப் பேரரசரிடம் இருந்த முடி பாரிஸுக்கு வந்துவிட்டது என்றால், கிறிஸ்தவ உலகின் தலைமை எங்கே வந்துவிட்டது என்று சொல்லாமல் சொல்வதுதானே அது? அதே லூயி முள்முடிக்காக வெறுங்காலில் நடந்ததும் நடிப்பில்லை. இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன.

இதே வழியில் நூறாண்டு கழித்து, செக் நாட்டுக் கார்ல்ஸ்டைன் கோட்டையில் பேரரசர் நான்காம் சார்லஸ் கட்டிய திருச்சிலுவைச் சிற்றாலயமும் உண்டு. பெரிய கோபுரத்தின் உச்சியில், மெருகேற்றிய வண்ணக் கற்களும் பொன்பூச்சும் பதித்த சுவர்கள். தியோடோரிக் என்ற ஓவியர் வரைந்த 129 புனிதர் படங்கள், அவற்றின் சட்டங்களில் திருப்பண்டங்கள். பேரரசின் முடியும் செங்கோலும் அங்கேதான் காவலில் இருந்தன. கருவூலமா கோயிலா என்று கேட்டால் சார்லஸுக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

தூத்துக்குடி: பிரபு தன் வீட்டிலேயே பூசை வைத்துக்கொண்டால் ஊர்ப் பங்குக் குரு சும்மா இருப்பாரா? காணிக்கை போய்விடுமே!

தூத்துக்குடிக்காரர்களுக்குப் பங்கு விவகாரம் தெரியாமல் இருக்குமா! சும்மா இருக்கவில்லை. தனிச் சிற்றாலயத்துக்கு ஆயரின் அனுமதி வேண்டும். அனுமதியோடு நிபந்தனையும் வரும்: பெருவிழா நாட்களில் பங்குக் கோயிலுக்கே வர வேண்டும், ஞானஸ்நானமும் அடக்கமும் அங்கேதான், காணிக்கை பங்குக் குருவுக்குச் சேர வேண்டும். ஊர் ஊராகப் போகிற பெருமக்கள் ஆயர் மந்திரித்த சிறு கல் பலகையைப் பீடமாகக் கூடவே எடுத்துப்போக ரோமாபுரியிடம் தனி உரிமை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மதுரை: சிற்றாலயத்துக்குள் ஓடி ஒளிந்துகொண்டால் எதிரி தொடமாட்டான் என்பது உண்மையா?

குற்றவாளி கோயிலுக்குள் புகுந்தால் நாற்பது நாள் வரை தொடக்கூடாது, பிறகு நாட்டைவிட்டே போய்விட வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் இருந்தது. ஆனால் கூட்டம் கோபத்தில் இருந்தால் சட்டம் எம்மாத்திரம்?

1381 ஜூன் 14. தலைவரிக்கு எதிராகக் கிளர்ந்த குடியானவர்கள் லண்டனை நிறைத்திருக்கிறார்கள். மன்னர் இரண்டாம் ரிச்சர்டுக்கு வயது பதினான்கு. அவர் கிளர்ச்சியாளர்களைச் சந்திக்க மைல் எண்டுக்குப் போன நேரத்தில், வேறொரு கூட்டம் லண்டன் கோபுரத்துக்குள் நுழைந்தது. எத்தனை கனமான சுவர், எத்தனை வாயில்! ஒன்றும் தடுக்கவில்லை; காவலர்கள் எதிர்க்கவும் இல்லை. கான்டர்பரி பேராயர் சைமன் சட்பரி அப்போது நாட்டின் சான்சலரும்கூட. ராபர்ட் ஹேல்ஸ் பொருளாளர். வரிக்குப் பொறுப்பாக மக்கள் கைகாட்டியது இந்த இருவரைத்தான். சிற்றாலயத்தில் செபித்துக்கொண்டிருந்த பேராயரை இழுத்துப்போய்க் கோபுரக் குன்றில் தலையை வெட்டினார்கள். எட்டு வெட்டு தேவைப்பட்டது என்கிறது ஒரு வரலாறு. ஹேல்ஸுக்கும் அதே முடிவு. மேலே சொன்னேனே, பன்னிரண்டு தூண் கொண்ட அதே சிற்றாலயம்தான் இது என்பது மரபு.

பேராயரின் உடல் கான்டர்பரியில் இருக்கிறது. மண்டையோடு அவர் பிறந்த சட்பரி ஊரின் புனித கிரகோரி கோயிலில் இன்றும் பாதுகாப்பாக இருக்கிறது.

கிளர்ச்சியாளர்கள் நாத்திகர்கள் அல்ல. அவர்களும் பூசைக்குப் போகிறவர்கள்தான். பீடத்தின்முன் நின்றவரை அவர்கள் குருவாகப் பார்க்கவில்லை, வரி போட்ட மந்திரியாகப் பார்த்தார்கள். ஆட்சியும் பீடமும் ஒரே அறையில் இருந்தால் இப்படியும் நடக்கும்.

கோயம்புத்தூர்: பெண்களுக்கு இதில் என்ன இடம்?

முதல் பதிலில் வந்த செசிலியே போதும் என்று நினைத்தேன், இன்னொருவரையும் சொல்கிறேன். செசிலியின் பேத்தி, ஏழாம் ஹென்றியின் ராணி, யார்க் எலிசபெத். 1502 டிசம்பரில் அவருடைய கைச்செலவுக் கணக்கில் ஒரு வரி: மாதாவின் இடைக்கச்சையைக் கொண்டுவந்த துறவிக்கு ஆறு ஷில்லிங் எட்டு பென்ஸ். பேறுகாலத்தில் அந்தத் திருப்பண்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டால் பிரசவம் நல்லபடி ஆகும் என்பது நம்பிக்கை. மறுபடி அந்தக் கணக்கு வரியைப் பாருங்கள். துணி வாங்கியது, படகுக்காரனுக்குக் கொடுத்தது என்ற வரிகளுக்கு நடுவே அது கிடக்கிறது.

1503 பிப்ரவரி 2 அன்று லண்டன் கோபுரத்தில் பெண் குழந்தை பிறந்தது, நிலைக்கவில்லை. பிப்ரவரி 11 அன்று ராணியும் இறந்தார். அன்று அவருக்கு முப்பத்தேழாவது பிறந்தநாள். வெள்ளைக் கோபுரத்துச் சிற்றாலயத்தில் மெழுகுவர்த்திகள் சூழ உடலை வைத்து, நாள்தோறும் பூசை நடத்தி, பிறகு வெஸ்ட்மின்ஸ்டருக்கு எடுத்துப்போனார்கள்.

யாழ்ப்பாணம்: இந்தச் சிற்றாலயங்கள் எல்லாம் பிற்காலத்தில் என்ன ஆயின?

பலவிதமாக ஆயின. வெள்ளைக் கோபுரத்தினுடையது நெடுங்காலம் அரசு ஆவணக் கிடங்காக இருந்தது. சிரியாவில் சிலுவைப் போர்வீரர்கள் கட்டிய கிராக் தே ஷெவாலியே கோட்டையை 1271-இல் சுல்தான் பைபர்ஸ் பிடித்தபோது, சிற்றாலயம் பள்ளிவாசல் ஆயிற்று. எடின்பரோ கோட்டையில் முதலாம் டேவிட் தம் தாய் புனித மார்கரெட்டின் நினைவாக 1130 வாக்கில் கட்டியது வெடிமருந்துக் கிடங்காகி, அது கோயில் என்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1845-இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். இப்போது அங்கே பீடத்துக்குப் பூ வைக்கும் பொறுப்பு மார்கரெட் என்று பெயர் கொண்ட பெண்களுடையது.

தஞ்சாவூர்: இறந்தபின் தங்கள் ஆன்மாவுக்காகப் பூசை நடக்க நிலம் எழுதி வைத்தார்களாமே. அது ஒழுங்காக நடந்ததா?

சில இடங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்தது. சில இடங்களில் வக்கீல்கள் சாப்பிட்டார்கள்.

பிரான்ஸ் போர்களில் பொருள் சேர்த்த சர் ஜான் ஃபாஸ்டால்ஃப், நார்ஃபோக் கடற்கரைக்கு அருகே காய்ஸ்டரில் செங்கல்லால் ஒரு கோட்டை கட்டினார். வாரிசு இல்லை. மோட்சம் போகுமுன் ஆன்மா பாவம் தீர வேகும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தில் தம் ஆன்மா நெடுநாள் வேகக்கூடாது என்ற கவலை நிறைய இருந்தது. போரில் என்னென்ன செய்தார் என்பது அவருக்குத் தெரியும். ஏழு குருக்களும் ஏழு ஏழைகளும் அந்தக் கோட்டையிலேயே தங்கி, என்றென்றும் தமக்காக மன்றாட வேண்டும் என்று ஏற்பாடு செய்ய நினைத்தார். 1459 நவம்பரில் இறந்தார். கடைசி நேரத்தில் சொத்தை என்னிடம் ஒப்படைத்து, மன்றாட்டுக் குழுவை நிறுவச் சொன்னார் என்று ஒருவர் கிளம்பினார். யார்? நம் மார்கரெட்டின் கணவர் ஜான் பேஸ்டன். உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்த மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு, சிறை, மீண்டும் வழக்கு. 1469-இல் நார்ஃபோக் டியூக் படையோடு வந்து கோட்டையை முற்றுகையிட்டே பிடித்துக்கொண்டார். டியூக் இறந்த 1476-இல்தான் பேஸ்டன்களுக்கு அது திரும்பக் கிடைத்தது. அதற்குள் வின்செஸ்டர் ஆயர் வேன்ஃபிளீட் சமரசம் செய்து, மன்றாட்டுக்கான சொத்தைத் தாம் ஆக்ஸ்ஃபோர்டில் நிறுவிய மாட்லின் கல்லூரிக்குத் திருப்பிவிட்டார்.

அந்தப் பணம் வீண் போயிற்று என்று சொல்லமாட்டேன். 1547-இல் ஆறாம் எட்வர்டின் அரசு இத்தகைய மன்றாட்டு அறக்கட்டளைகளையே ஒழித்து நிலங்களை எடுத்துக்கொண்டது. கல்லூரிக்குப் போனதால் தப்பியது. ஃபாஸ்டால்ஃபின் ஆன்மா என்ன நினைத்ததோ, அது வேறு கணக்கு.

ஈரோடு: அடுத்த ஆண்டு மகன் இங்கிலாந்துக்கு அழைக்கிறான். ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருக்கும். எதைப் பார்க்கட்டும்?

லண்டனில் இறங்குவீர்கள் என்பதால் வெள்ளைக் கோபுரம். முழங்கால் நன்றாக இருந்தால் மட்டும். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் வேல்ஸுக்கு ரயில் ஏறி பியூமாரிஸ் போய், அந்தப் பக்கச் சுவர் அறைக்குள் நின்று துளை வழியாகப் பாருங்கள். குடை எடுத்துப் போங்கள். கோட்டையின் பெரும்பகுதிக்குக் கூரை கிடையாது.